கீறல் ஒன்றுகூட இல்லை

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் செய்த பெரிய காரியம், எங்கள் 'தேய்மான முன்கணிப்புப் பிரிவை'த் தொடங்கியதுதான். சம்பளத்துக்குப் புகழ்கிறான் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். நான் இயக்குநரின் உதவியாளன். வேறு எதற்குச் சம்பளம்?

பூமிக்குச் சற்று மேலே சுற்றும் விண்கலங்களுக்குப் பிளாஸ்டிக் உறை போர்த்துவார்கள். அங்கே ஒண்டியாகத் திரியும் ஆக்சிஜன் அணுக்களும் வெயிலும் சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். உறை போனால் உள்ளே இருக்கும் ஆளும் போனார். எவ்வளவு காலம் தாங்கும் என்று தரையிலிருந்தே சொல்வது எங்கள் பிரிவு. கம்ப்யூட்டர் முதலில் 'எட்டு மாதம்' என்றது. பாவம், விவரம் தெரியாத பிள்ளை. இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து, அது 'ஐந்து வருடம்' என்று தெளிவாகச் சொல்லும்வரை பொறுமையாகத் திருத்தினார்.

ஒரு வருடம் விண்வெளியில் வைத்திருந்த உறையின் மாதிரித் துண்டு திரும்பி வந்த அன்று, கூட்ட அறையில் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஒரு சட்டம், நான்கு திருகாணி. துண்டைக் காணோம்.

"பாத்தீங்களா! ஒரு கீறல்கூட இல்ல!" என்றார் இயக்குநர்.

"உறையே இல்ல சார்," என்றார் எங்கள் வேதியியல் அம்மாள். அந்த உறை போர்த்திய கலத்தில்தான் அடுத்த மாதம் அவருடைய தம்பி இரண்டு வருடம் தங்க விண்வெளிக்குப் போகிறான்.

"நான் கேட்டது அதில்லம்மா. கீறல் இருக்கா, இல்லையா?"

"இல்லாத உறையில கீறல் எப்படி சார் இருக்கும்?"

"ஆங்! இல்லன்னு ஒத்துக்கிட்டாங்க. எழுதிக்கய்யா, 'தேய்மானம் காணப்படவில்லை.'"

எழுதிக்கொண்டேன். நம் கணிப்போடு ஒத்துழைக்காத விண்வெளியிடம் 'விளக்கம் கோருவது' என்றும் ஒருமனதாக முடிவாயிற்று.

"சார், உள்ள உக்காரப் போறது என் தம்பி," என்றார் அம்மாள். "கெஞ்சிக் கேக்கறேன், இன்னொரு தடவை சோதிச்சுப் பாத்துடலாம்."

"நம்பிக்கை வேணும்மா! மிச்சமான உறைத் துணுக்கையெல்லாம் ஒட்டவச்சு என் புதுக் காருக்கே போர்த்தியிருக்கேன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

எனக்குப் புல்லரித்துவிட்டது.

கூட்டம் கலைந்து வாசலுக்கு வந்தோம். நல்ல மத்தியான வெயில். காரைப் பார்த்ததும் இயக்குநர் பதறிவிட்டார்.

"எவன்யா வண்டியை வெயில்ல போட்டது? உறை வீணாப் போயிடும்! மரத்தடிக்கு மாத்து, சீக்கிரம்!"

என்ன ஒரு முன்யோசனை! டிரைவர் காரை நகர்த்தும்வரை நான் உறையைப் பச்சைக் குழந்தைபோல ஏந்திக்கொண்டு நின்றேன். பிறகு நிழலில் வைத்துப் போர்த்தினோம். அம்மாள் மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"என் தம்பி போற இடத்துல மரம் எங்க சார் இருக்கு?" என்றார்.

நல்ல கேள்விதான். கூட்டம் முடிந்துவிட்டபடியால் நான் அதை எழுதிக்கொள்ளவில்லை.