மூச்சுப் பெட்டிக்கு உறை தைத்த கதை

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். நேற்று உன் போனுக்கு வந்த செய்தி வேறு மாதிரி சொல்லியிருந்தாலும் நலமே.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன முறை வந்தபோது ஹால் சுவரில் நீ மாட்டிவிட்டுப் போன பெட்டியைக் கழற்றி உனக்கே அனுப்பப் போகிறேன். உள்ளே இருப்பது உங்கள் ஆய்வகத்தில் உருவான சிலிக்கான்-ஜெர்மானியம் சில்லு, அது அனுப்பும் அலை எங்கள் மேல் பட்டுத் திரும்புவதை வைத்தே நடமாட்டத்தையும் மூச்சையும் கண்டுபிடித்து உனக்குச் சொல்லிவிடும் என்பதெல்லாம் எனக்குப் பெருமைதான். ஆனால் உன் அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே. இந்த வீட்டில் மிக்சிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, உறை தைக்கும் மெஷினுக்கே ஓர் உறை. மகள் செய்த பெட்டியைத் தூசியில் விடுவாளா? அலமாரியில் நீ மறந்து வைத்துவிட்டுப் போன வெள்ளி நிறத் துணியை எடுத்து, ஓரத்தில் பூ வேலையெல்லாம் செய்து, பெட்டியின் முகத்துக்கு ஒரு திரை தைத்து மாட்டிவிட்டாள். மிச்சத் துணியில் எங்கள் இரண்டு போன்களுக்கும் பை. அது மின்காந்த அலையைத் தடுப்பதற்கென்றே நீங்கள் செய்த துணி என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? பெட்டிக்குக் கண்தான் மறைந்தது, வாய் திறந்தே இருந்திருக்கிறது. வீட்டில் அசைவில்லை, மூச்சில்லை என்று உனக்கு ஒழுங்காகச் செய்தி அனுப்பிவிட்டது. நீ பதறிப்போய்க் கூப்பிட்டால், போன்கள் பைக்குள் பத்திரமாகத் தூங்குகின்றன.

நீ பக்கத்து வீட்டு விசில் மாஸ்டரைக் கூப்பிட்டதைக் குறை சொல்லவில்லை. விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். அழைப்பு மணியை அடித்துப் பார்க்கலாம் என்றுகூடத் தோன்றாமல் சமையலறை ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து உன் அம்மா சீட்டாட்டத்தில் ஒரு ராஜாவை மடியில் ஒளிக்க, நான் அவளைக் கையும் களவுமாகப் பிடித்திருந்தேன். மனிதர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு உனக்குப் போன் போட்டு, "ஒண்ணும் இல்லம்மா, ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்றார். என் மானம் போயிற்று.

பிறகு போனை என்னிடம் கொடுத்தார். திட்டப் போகிறாய் என்று நினைத்தேன். "அப்பா, இருக்கீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாய். அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாய். வேலைக்கு நடுவே, அத்தனை பேர் முன்னால் நீ அழுததை என்னால் தாங்க முடியவில்லையம்மா. எங்களைக் காப்பதாகச் சொல்லி இந்தப் பெட்டி உன்னை வதைக்கிறது. ஆகவே அது இங்கே வேண்டாம். முடிவு செய்தாயிற்று, இனி இதில் பேச்சே கிடையாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஸ்க்ரூடிரைவரோடு போனேன். உன் அம்மா குறுக்கே வந்து நின்றுகொண்டாள். தினமும் காலையில் நீ வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து அவள் பெட்டிக்கு எதிரே வந்து நடப்பாளாம். நேற்றுக் காலை, திரை போட்ட பிறகும்கூட நடந்தாளாம். "அவ போனைப் பாக்குற நேரம். அம்மா நடமாடுறான்னு தெரிஞ்சாத்தான் நிம்மதியா பஸ் ஏறுவா" என்கிறாள். அதனால் திரையை மட்டும் கழற்றிவிட்டேன், பெட்டி இருக்கட்டும். நாளை முதல் நானும் கூட நடக்கிறேன். என்றைக்காவது ஓர் ஆள் மட்டும் தெரிந்தால் பதறாதே, நான் குளித்துக்கொண்டிருப்பேன்.