ஜுரம் மாமாவின் மஞ்சள் புள்ளி

மந்தைவெளியில் எங்கள் தெரு மொத்தத்தையும் ஒரே வாரத்தில் பகைத்துக்கொண்ட ஒரே மனிதர் ஜுரம் மாமாதான். டிவி மெக்கானிக். உடம்புச் சூட்டைப் படம் பிடிக்கும் மலிவான கேமரா ஒன்றைச் சொந்தமாகச் செய்த டிரோனில் கட்டிப் பறக்கவிட்டு, போகிற வருகிறவர்களின் சூட்டையெல்லாம் அறிவித்ததால் அந்தப் பெயர். வெள்ளத்திலோ கடலிலோ சிக்கியவர்களை அது கண்டுபிடிக்குமாம். விலை உயர்ந்த கருவி வந்து சேரும்வரை உயிர் காத்திருக்காது என்பார்.

திரையில் குளிர்ந்ததெல்லாம் நீலம், சூடானதெல்லாம் மஞ்சள். ஒருநாள் எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஆள் மயங்கிக் கிடப்பதாகக் கத்தி, தெருவையே மேலே ஏற்றினார். அங்கே குடியிருப்போர் சங்கத் தலைவர், மனைவிக்குத் தெரியாமல் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். மறுநாளே தெருவில் டிரோனுக்குத் தடை.

அதனால் விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போக ஆரம்பித்தார். அவருக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது, நான்தான் சாரதி. பின்னால் டிரோனைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வருவார். என்னைத் தொடவிட மாட்டார்.

மார்கழியில் ஒருநாள் கரையில் ஒரே கூச்சல். மீன்பிடிப் படகு கவிழ்ந்து இருவர் நீந்தி வந்துவிட்டார்கள், மூன்றாமவரைக் காணோம். வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. மாமா டிரோனை ஏற்றினார். காணாமல் போனவரின் மனைவி எங்கள் பக்கத்தில் வந்து நின்று, திரையையே பார்த்தாள். ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது.  புள்ளி பறந்துபோனது. ஏதோ கடற்பறவை.

இன்னொன்று தெரிந்தது. அது பறக்கவில்லை. அலையோடு ஏறி இறங்கியது.

“ஐயா, அது எங்க வூட்டுக்காரரா?”

 மாமா டிரோனைப் புள்ளிக்குச் சற்றுத் தள்ளி அந்தரத்தில் நிறுத்தி, அதன் சிவப்பு விளக்கைப் போட்டார். விளக்கைக் குறிவைத்து, தேடிக்கொண்டிருந்த ஒரு படகு விரைந்தது. பேட்டரி தீரப்போகிறதென்று ரிமோட் அலற ஆரம்பித்தது. டிரோனைத் திருப்பச் சொன்னேன்.

“திருப்பினா அவாளுக்கு இடம் தெரியாதுடா.”

மூன்று வருஷ உழைப்பு.  படகு புள்ளியை நெருங்கியதைப் பார்த்தோம். அடுத்த நொடி திரை கறுத்தது. தூரத்தில் சிவப்பு விளக்கு கடலுக்குள் விழுந்தது.

படகு திரும்பியபோது அதில் ஒருவர் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சேலையோடு தண்ணீருக்குள் ஓடினாள்.

மாமா மணலில் உட்கார்ந்துவிட்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

“லென்ஸ் மட்டமா போயிடுத்து. அந்தப் பறவையால ரெண்டு நிமிஷம் வீணாச்சுடா,” என்றார்.

 அவர் கையைப் பிடித்துத் தூக்கினேன். ஜில்லென்று இருந்தது. ஸ்கூட்டரிடம் போய்ச் சேரும்வரை நான் அந்தக் கையை விடவில்லை.