கடலுக்குக் காய்ச்சல்

கடலுக்கு உடம்பு சரியில்லை என்றால் உலகத்திலேயே முதலில் தெரிந்துகொள்ளும் மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் கடற்கரையில் இருந்தவர் இல்லை. எங்கள் மார்க்கையன்கோட்டையில், வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே, வேப்பமரத்தடியில் ஒரு குடிசையில் இருந்தார். அங்கிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் கடல் கண்ணில் பட நாள்கணக்கில் ஆகும். அதைப்பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஞானஸ்நானத்தில் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. கித்தான் என்றால்தான் தெரியும். கித்தான் என்பது கப்பல் பாய்க்குப் போடுகிற முரட்டுத் துணி. அந்தத் துணியில் தைத்த ஒரு வாளியோடுதான் மனிதர் கப்பல் வேலையை விட்டு ஊர் திரும்பியிருந்தார். வாளி மரக்கிளையில் தொங்கும். அவர் அதற்குக் கீழே உட்கார்ந்திருப்பார். நான் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த புதிதில், இரண்டில் எதற்குக் கித்தான் என்று பெயர் என்றே எனக்குப் பிடிபடவில்லை.

மலைக்கு மேலே பெரியாற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. என் வீட்டுக்காரர் அங்கே வேலை செய்கிற கூலியாட்களுக்கு அரிசி மூட்டை ஏற்றிப்போகும் வண்டிக்காரர். கம்பம் தாண்டி, கூடலூர் தாண்டி, மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏற வேண்டும். அவர் போய்த் திரும்பும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. திரும்பி வந்ததும் எதையாவது சாக்குவைத்துச் சண்டை போடுவேன்.

கித்தான் மாமா கப்பலில் பார்த்த வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். வாளியைக் கயிற்றில் கட்டி ஓடுகிற கப்பலிலிருந்து கடலில் இறக்கித் தண்ணீர் மொள்ள வேண்டும். கப்பல் துரை அதற்குள் ஒரு கண்ணாடிக் கோலை விட்டுச் சூடு பார்த்து எழுதிக்கொள்வார். பிறகு தண்ணீரைக் கடலிலேயே கொட்டிவிட வேண்டும். எல்லாக் கப்பலிலும் இப்படி எழுதுவதைச் சீமையில் யாரோ சேர்த்துவைத்து, எந்தக் கடல் எப்போது சூடாகிறது, காற்று ஏன் ஒரு வருஷம் வருகிறது ஒரு வருஷம் வருவதில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்களாம்.

வேலையை விட்டாரே தவிர அந்தக் கோலை அவர் விடவில்லை. சூடு பார்க்கிற கோல் என்பதால் ஊரில் அதற்குச் சூட்டுக்கோல் என்று பெயராகிவிட்டது. பெயரைக் கேட்டதுமே குழந்தைகள் ஓடி ஒளிந்துகொள்ளும். கிணறு, வாய்க்கால், மாட்டின் காது, எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் என்னிடம் ரசம் கேட்டார். ஊற்றியதும் மடியிலிருந்து கோலை எடுத்து அதற்குள் விட்டார்.

“என்ன மாமா, எம் ரசத்துல விசம் கலந்திருக்குண்டு பாக்குறீகளா?”

“அதில்ல தாயி. ஏடன் துறைமுகத்துத் தண்ணியும் ஒன் ரசமும் ஒரே சூடு.”

ரசம் ஆறிப்போயிருக்கிறது என்பதை இவ்வளவு மரியாதையாக என் மாமியார்கூடச் சொன்னதில்லை.

கோயிலிலும் இதே கதைதான். தீர்த்தத் தொட்டிக்குள் கோலை விட்டுக்கொண்டிருந்தவரைப் பங்குச்சாமியார் பிடித்துவிட்டார். “என்னப்பா செய்ற?” என்று கேட்டதற்கு, “எல்லாத் தண்ணியும் கடல்லேருந்து வந்ததுதானே சாமி. இது எந்தப் பக்கத்துக் கடலுண்டு பாக்குறேன்” என்றார். இது பாவத்தில் சேருமா சேராதா என்று சாமியார் வெகுநேரம் யோசித்தார். கடைசியில், “பூசை முடிஞ்ச பெறகு பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடலுக்குள்ளேயும் ஆறு ஓடுகிறது என்று அவர் சாவடியில் சொன்ன அன்று எழுந்த சிரிப்பு எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்டது. “நடுக்கடல்ல ஒரு சுடுதண்ணி ஆறு. பக்கத்துலயே ஒரு பச்சத்தண்ணி ஆறு. ரெண்டும் ஒரசிக்கிட்டே போகும், ஒண்ணாச் சேராது” என்று சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை. மேற்கே ஓடுகிற ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே கொண்டுவரப் போகிறார்கள் என்றதை மட்டும் அதே ஆட்கள் அப்படியே நம்பினார்கள். துரை சொன்னால் ஆறு மலை ஏறும், கித்தான் சொன்னால் கடலில்கூட ஓடாது.

இதுவரைக்கும் சிரிக்கலாம். வாளியைப்பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்த வயதிலும் எனக்கு முதுகு சில்லிடுகிறது.

அவர் அந்த வாளியோடு பேசுவார். அதுவும் மலையாளத்தில். அந்தி மயங்குகிற நேரத்தில் மரத்தடியில் நின்று, “எந்தா, உறங்கியோ?” என்று கேட்டுவிட்டுக் காதை வாளியின் வாயில் வைத்துக்கொள்வார். பிறகு தலையை ஆட்டுவார். மலையாள மாந்திரீகம் என்றால் எங்கள் பக்கத்தில் பாதி உயிர் போய்விடும். பெண்கள் அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குப் போனார்கள். நான் மட்டும், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த திமிரில், நேராகப் போய்க் கேட்டேன்.

“யார்கிட்ட மாமா பேசுறீக?”

“கூட்டாளிகிட்ட. மலையாளத்துக்காரன். இது அவன் வாளி தாயி. ஒருநா தண்ணி மொள்ளையில கயித்தக் கையில சுத்தியிருந்தான். கப்பலு ஒரு வெட்டு வெட்டுச்சு. ஆளு உள்ள போயிட்டான். நாங்க கயித்தப் புடிச்சு இழுத்தோம். வாளி நெறையத் தண்ணியோட வந்துச்சு. ஆளு வரல.”

நான் அண்ணாந்து வாளியைப் பார்த்தேன்.

“தொரை என்ன சொன்னாக தெரியுமா? ‘தண்ணி வந்துருச்சுல்ல, சூடு பாரு’ண்டாக.”

“பாத்தீகளா?”

“பாத்தேன். மனுசக் கை மாதிரி இருந்துச்சு.”

அதற்குமேல் அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் அவர் விடவில்லை. தாது வருஷத்துப் பஞ்சத்தைப்பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். “அந்த வருசம் ஆனி மாசம் நடுக்கடல்ல இருக்கேன். காத்து பிச்சுக்கிட்டு அடிக்கணும். ஒரு மூச்சு இல்ல. கடலு அசையாமக் கெடந்துச்சு. வாளியத் தூக்கிப் பாக்குறேன், தண்ணி எப்பவும் இருக்கிற சூட்டுல இல்ல. எனக்கு என்ன தெரியும்? கொட்டிட்டேன். இங்கன மழ பொய்ச்சுப்போச்சு. நான் வந்து பாக்கையில வீட்டுல அடுப்பு இருந்துச்சு, பான இருந்துச்சு, ஆளு ஒருத்தரும் இல்ல. கடலு எங்கிட்ட மொதல்லயே சொல்லிருச்சு தாயி. எனக்கு அந்தப் பாசை தெரியல.”

அன்றைக்குப் பிறகு அவர் சூட்டுக்கோலை எதற்குள் விட்டாலும் நான் கேலி செய்ததில்லை.

பிறகு அந்த வைகாசி வந்தது. சாரல் தொடங்க இன்னும் நாள் இருந்தது. கொளுத்துகிற வெயில். மறுநாள் விடிந்ததும் என் வீட்டுக்காரர் மூட்டை ஏற்றிக்கொண்டு மலைக்குப் புறப்படுவதாக இருந்தது. மத்தியானம் திடீரென்று காற்று நின்றது. மேற்கு மலை நகர்ந்து வந்து தெருக்கோடியில் நிற்பதுபோல அவ்வளவு கிட்டத்தில் தெரிந்தது. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

எங்கள் காளைகள் இரண்டும் கட்டை அறுத்துக்கொண்டு தெருவில் இறங்கின. துரத்திக்கொண்டு ஓடினேன். அவை ஓடவில்லை. நிதானமாக நடந்து கித்தான் மாமாவின் வேப்பமரத்தடியில் போய் நின்றன. அங்கே ஏற்கெனவே தெருவிலுள்ள மாடுகள் பாதி நின்றிருந்தன. ஒன்றும் கத்தவில்லை, முட்டிக்கொள்ளவில்லை. எல்லாம் தலையைத் தூக்கி வாளியையே பார்த்துக்கொண்டிருந்தன. வாளி சொட்டிக்கொண்டிருந்தது.

யாரும் அதில் தண்ணீர் ஊற்றவில்லை. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. சொட்டு விழ விழ ஒரு காளை நாக்கை நீட்டி நக்கியது. நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. விரலில் பட்டபோது அது வெதுவெதுவென்று இருந்தது. ஒரு கையைத் தொட்டதுபோல இருந்தது.

கித்தான் மாமா எனக்குப் பின்னால் வந்து நின்றார். “வந்துட்டான்” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

உப்பில் ஊறிய துணி, ஈரக்காற்று பட்டால் கசியும் என்று பிற்பாடு என் பேரன் எனக்கு விளக்கினான். மிகவும் சரி. அந்த மரத்தடியில் அவன் நின்றிருந்தால் விளக்கியிருக்க மாட்டான், ஓடியிருப்பான்.

“ஒம் புருசன் நாளைக்கு மலை ஏறுறாகளா தாயி?”

“ஆமா மாமா.”

“ஏறக்கூடாது. மேலக்கடலுல காச்சல். வேர்த்துக் கொட்டப்போகுது. கணவாயில நிக்கிற ஒரு வண்டி மிஞ்சாது.”

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் வண்டி அச்சுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே சிரித்தார். “கடலுக்குக் காச்சலுண்டா கசாயம் வச்சுக் குடுக்கச் சொல்லு புள்ள. நான் போகலைண்டா மேல ஆளுக பட்டினி கெடப்பாக.” அழுது பார்த்தேன். சாப்பாடு போட மாட்டேன் என்றேன். பழையதை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கித்தான் மாமா அதற்குள் தலையாரியைப் பிடித்திருந்தார். ஊருக்குச் சேதி சொல்லித் தமுக்கு அடிப்பவர் அவர்தான். அடித்து அடித்துக் காது பாதி போய்விட்டது. யார் உத்தரவு என்று கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. கேட்டாலும் பதில் காதில் விழாது. “கடலுல காச்சல், வண்டி ஒண்ணும் மலை ஏறக்கூடாதுண்டு அடிலே” என்று கித்தான் மாமா அவர் காதருகே கத்தினார். தலையாரி தலையை ஆட்டிவிட்டுத் தமுக்கைத் தூக்கினார்.

“கூடலூருல காச்சலாம்! வண்டி ஒண்ணும் மலை ஏறக்கூடாதாம்!”

காய்ச்சல் என்ற சொல்லுக்கு அப்போது எங்கள் பள்ளத்தாக்கே நடுங்கும். அணை வேலைக்குப் போனவர்களில் மலைக்காய்ச்சல் கண்டு திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். தெருவில் வாசல்தோறும் வேப்பிலை ஏறியது. கித்தான் மாமா தலையாரிக்குப் பின்னாலேயே ஓடினார்.

“கூடலூரு இல்லலே! கடலு! கடலு!”

எதிர்வீட்டு அத்தை அதைக் கேட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். “அடி ஆத்தே, கடலூரு வரைக்கும் பரவிருச்சாமே!” மேலத்தெருவுக்குப் போய்ச் சேருவதற்குள் நாகப்பட்டினமும் போயிருந்தது. பொழுது சாய்வதற்குள் சேதி பள்ளத்தாக்கு முழுக்கப் பரவிவிட்டது.

என் வீட்டுக்காரர் மூட்டைகளை இறக்க ஆரம்பித்தார். “கூடலூருல காச்சலுண்டா நான் போவேனா? இத ஒழுங்காச் சொல்றத விட்டுட்டு ஒங்க மாமன் கடலு கிடலுண்டு ஒளறுறாரு.”

கித்தான் மாமா வாசலில் வந்து நின்றிருந்தார். முகம் சிவந்துவிட்டது. “கூடலூருல ஒருத்தனுக்கும் காச்சல் இல்ல! அம்புட்டுப் பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்காக! கடலுக்குத்தான்...”

ஒரு சொம்பு மோரை அவர் கையில் திணித்தேன். “மாமா, வாய மூடிக்கிட்டுக் குடிங்க” என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கோலை எடுத்து மோருக்குள் விட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. என் வீட்டுக்காரர் என்னை முறைத்துக்கொண்டு தெருவில் உலாத்தினார். வண்டிகள் மலைப்பாதையின் நடு வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்க வேண்டிய வேளையில் மேற்கே இருட்டியது. மழை வந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கடல் எழுந்து மலையைத் தாண்டி வந்தது என்று கித்தான் மாமா சொன்னார், அதையே நானும் எழுதுகிறேன். கூரை ஒழுக, சுவர் கரைய, முல்லையாறு வயலுக்குள் ஏறி இரைகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழவில்லை.

மழை விட்டதும் கூடலூரிலிருந்து ஓர் ஆள் வந்தார். ஊரே தள்ளி நின்று கேட்டது, “ஒங்க ஊருல காச்சல் எப்படி இருக்கு?”

“நீங்களுமா? எங்க ஊருல ஏதுய்யா காச்சல்? அங்கன மலைப்பாத போயிருச்சுய்யா! வளைவு வளைவா வழிச்சுக்கிட்டுப் போயிருச்சு. ஒத்த வண்டி மேல இல்ல, சாமி புண்ணியம். கூடலூருல காச்சலுண்டு எந்தப் பயலோ கெளப்பிவிட்டு, எந்த ஊரு வண்டியும் ஏறல.”

அத்தனை பேரும் வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். தலையாரி மட்டும், தான் அடித்த அடி அப்படி என்று தமுக்கைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

கித்தான் மாமா அங்கே இல்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தார். என் வீட்டுக்காரர் ராத்திரி முழுக்கக் கூரையோடு மல்லுக்கட்டிய களைப்பில், பட்டப்பகலில், ஈரத்தரையில் பாயை விரித்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை தெருமுனை வரைக்கும் கேட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது.

“எழுப்பவா மாமா?”

“வேணாம் தாயி, தூங்கட்டும்” என்றார். “வீட்டுல ஒரு ஆளு தூங்குற சத்தம் கேட்டு எம்புட்டு வருசமாச்சு.”

வாசற்படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர் எழுந்திருக்கும் வரைக்கும் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அடுப்படிக்குள் போய், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

கித்தான் மாமா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. என் வீட்டுக்காரர் இன்றைக்கும் மத்தியானத்தில் அதே குறட்டைதான். அதை நிறுத்தப் பிள்ளைகள் ஏதேதோ மருந்து சொல்கிறார்கள். நான் எதையும் கொடுப்பதில்லை. அவர் படுத்ததும் எழுந்துபோய் வாசல் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கிறேன். மாமா வந்தால் உட்கார்ந்து கேட்கட்டும்.