மூன்று பெட்டைகளோடு யான் பொருத மார்கழிப் போர்

வாழி, மருதமுனை ஈன்ற மறவோன்! சுண்ணக்கட்டியே வாளாக, கரும்பலகையே களமாகக் கொண்ட விஞ்ஞான ஆசிரியன், மின்னலுக்கு அஞ்சி மெத்தையில் ஒளியும் மசூர் வாழி! அம்மாவீரன் வேறு யாருமல்லன். இதை எழுதும் அடியேனே.

ஐம்பத்தாறாம் ஆண்டு மார்கழியில், வாடையென்னும் பகையரசன் கடல்வழி படைகொண்டு வந்து, பத்து நாள் ஓயாது மழைக்கணை தொடுத்து, நாங்கள் குடியிருந்த கல்முனைச் சந்தைத் தெருவை வெள்ளத்தால் முற்றுகையிட்டான். என் மனைவி றாபியா தலைப்பிள்ளை பெற்று இருபது நாள். எழுந்தால் கண் இருட்டும் அளவுக்குச் சோர்ந்திருந்தாள். நாளுக்கொரு நாட்டுக்கோழி முட்டை கொடுக்கும்படி மருத்துவிச்சி றஹீமா கட்டளையிட்டிருந்தார். எங்கள் பெட்டைகள் மூன்றுமோ ஒருசேர முட்டையை நிறுத்தின.

கால்நடை வைத்தியர் எப்போதோ தந்த துண்டுப்பிரசுரத்தைப் பிரித்தேன். குளிர் தாக்கினால் கோழியின் சிறுநீரகத்தருகே ஒரு சுரப்பி பொங்குமாம். அது சுரக்கும் ஓமோன் பெருக, முட்டைக்கான ஓமோன் வற்றுமாம். பகை புரிந்தது! நான் உடுக்க வைத்திருந்த புதுச் சாறனை மூன்றாய்க் கிழித்துப் பெட்டைகளுக்குக் கவசம் தைத்து, கொட்டும் மழையில் முற்றம் புகுந்தேன்.

“பெட்டைகாள், இன்றோடு ஒழிந்தது உங்கள் குளிர்!”

அந்தோ! கவசம் கண்ட பெட்டைகள் திசைக்கொன்றாய்ச் சிதற, தீக்கொண்டைச் சேவல் வேலெனப் பாய்ந்து என் கெண்டைக்காலைக் கொத்த, மலை சாய்ந்தாற்போல் நான் சேற்றில் சாய்ந்தேன். எழுந்தேன், துரத்தினேன், மீண்டும் விழுந்தேன்.

யன்னலைப் பிடித்து நின்ற றாபியா கேட்டாள்: “இதென்ன கூத்துங்க? அந்தக் கடதாசிய முழுசா வாசிச்சீங்களா?”

“ஓம்... அரைவாசி.”

மீதியை அவளே வாசித்தாள்: “கோழியை விரட்டிப் பயமுறுத்தினாலும் அதே சுரப்பி பொங்கும்.”

ஆயிரம் முரசு அதிர்ந்தும் கலங்காத நெஞ்சு அவ்வொரு வரியில் நொறுங்கிற்று. பகையரசனுக்கு இதுவரை படைத்தலைவனாய் நின்றவன் நானே!

“சும்மா உடுங்க. அதுகளா அடைஞ்ச பொறகு, கூட்டோட தூக்கி அடுப்படியில வைங்க. தவிட்டச் சுடுதண்ணியில குழைச்சுப் போடுங்க.”

மணிமுடி துறந்த மன்னனென அவ்வாறே செய்தேன். அடுப்பின் வெம்மையில், ஒருவரும் துரத்தாத அமைதியில் ஆறு நாள் கழிந்தன. ஏழாம் நாட் காலை, வைக்கோற் சிம்மாசனத்தின்மீது, வெண்ணிலாத் துண்டமென, வெற்றிச் சங்கமென, இளஞ்சூட்டோடு ஒளிர்ந்தது ஒரு முட்டை!

றாபியா அதப் பொரிச்சுச் சாப்பிட்டா.