தாடிக்கு முப்பத்தெட்டாம் நாள்

மமுகாவின் தாடிக்கு அன்று முப்பத்தெட்டாம் நாள். அப்பா இறந்தும் அத்தனை நாள்தான். நாற்பது முடிகிறவரை மகன் முகத்தில் கத்தி படக்கூடாது, ஜார்ஜியாவில் அப்படித்தான். குட்டாய்சி விமான நிலையத்துக் கவுண்டரில் இருந்த பெண்ணோ, அவனுடைய போலந்து குடியிருப்பு அட்டையையும் அவனையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அட்டையில் இருந்தவன் மழுமழுவென்று இருந்தான்.

"இது நீங்கதானா?"

"நான்தாம்மா. அப்பா தவறிட்டார்."

"ஐயோ, அவர் ஆத்மா சாந்தியடையட்டும்," என்று சிலுவை போட்டுக்கொண்டாள். "நான் விட்டுடறேன். அங்கே இறங்கினதும் என்ன சொல்வாங்களோ!"

மமுகாவின் பயமும் அதுதான். ஐந்து வருடத்துக்கு முன் ஜெர்மனியில் அனுமதியில்லாமல் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவனைப் பிடித்து, அந்த வட்டார நாடுகள் எதிலும் ஆறு வருடம் கால் வைக்கக்கூடாது என்று தடை போட்டு அனுப்பியிருந்தார்கள். பிறகு போலந்தில் வேலை பார்க்கும் எக்காவைக் கட்டிக்கொண்டதால், அந்த நாடு மட்டும் இரக்கப்பட்டு இந்த அட்டையைக் கொடுத்தது. நேராகப் போலந்தில் இறங்கினால் உள்ளே போகலாம். ஆனால் கணினியில் தடை தெரியும், கேள்வி வரும்.

"கேட்டா உண்மையைச் சொல்லு," என்றிருந்தார் வக்கீல். "பொய்னு சின்ன சந்தேகம் வந்தாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. அட்டையும் போயிடும்."

எக்காவுக்கு இன்றோ நாளையோ பிரசவம். அந்த ஊரில் அவளுக்கு வேறு நாதியில்லை.

"நாப்பது முடியாம கிளம்புறியே, அவசரம் குழந்தைக்கா உனக்கா?" வழியனுப்ப வந்த சித்தப்பா ஷல்வா இன்னும் விடவில்லை.

"அதான் சத்தியம் பண்ணிட்டேனே சித்தப்பா. அங்கே போயும் தாடியைத் தொடமாட்டேன்."

"அப்பா படத்து மேல பண்ணின சத்தியம். ஞாபகம் இருக்கட்டும்."

"பெட்டி நாலு கிலோ அதிகம்," என்றாள் கவுண்டர் பெண்.

பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று தெருவே கூடிக் கொடுத்த சாமான்கள். பிள்ளைக்குப் பல் முளைக்க இன்னும் எத்தனை மாதம், அதற்கு எதற்கு ஆறு பாட்டில் பிளம்ஸ் சட்னி என்று யார் கேட்பது?

"நாலு பாட்டிலை இங்கேயே விட்டுட்டுப் போறேனே."

"உங்க அத்தை கை வலிக்கக் கிண்டினதுடா!"

பாட்டில்கள் கைப்பைக்கு மாறின. சோதனையில் இருந்த ஆள் கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டு, "சட்னியெல்லாம் உள்ளே கொண்டுபோகக் கூடாது," என்று திருப்பி அனுப்பினான். கவுண்டர் பெண் துக்கக்காரன் மேல் இரக்கப்பட்டு, கைப்பையையே காசு வாங்காமல், விமானத்தின் அடியில் போகும் சாமான்களோடு ஏற்றிவிட்டாள். மமுகா நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னான்.

விமானம் மேலே ஏறிய பிறகுதான், ஊருக்கு ஏன் போனாய் என்று கேட்டால் காட்டுவதற்கென்று வாங்கியிருந்த அப்பாவின் இறப்புச் சான்றிதழ் அந்தக் கைப்பையில் இருப்பது நினைவுக்கு வந்தது.

"போச்சு!" என்று தலையில் கைவைத்துக்கொண்டான்.

பக்கத்து இருக்கையில் தாமஸி. பத்து வருடமாகப் போலந்துக்கும் ஊருக்கும் போய்வருகிற லாரி ஓட்டுநர். முழுக் கதையையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"காகிதம் கிடக்கட்டும் தம்பி. உன் அட்டைக்கே உன்னை அடையாளம் தெரியல. முதல்ல ஆள் ஒத்துப்போகணும். இந்தா ரேசர்."

"சத்தியம் பண்ணியிருக்கேண்ணே."

"யாருக்கு?"

"சித்தப்பாவுக்கு."

"அவரா அங்கே உக்காந்து முத்திரை குத்தப்போறாரு?"

இறங்கியதும் பாஸ்போர்ட் வரிசைக்கு முன்னால் இருந்த கழிவறைக்குள் நுழைந்தான். ஒரே ஒரு ரேசர், கைகழுவும் சோப்பு, குளிர்ந்த தண்ணீர். முப்பத்தெட்டு நாள் மயிர் இலேசில் வருவதாயில்லை. ஒவ்வோர் இழுப்புக்கும் கண்ணில் நீர் முட்டியது. சவப்பெட்டியைத் தூக்கும்போதுகூட அழாதவன், கன்னம் வெளியே தெரிந்ததும் விம்மி விம்மி அழுதான். "மன்னிச்சுடுங்கப்பா. பேரப்பிள்ளைக்காகத்தான்," என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான். கைதுடைக்க வந்த ஒருவர் பயந்துபோய் ஈரக்கையோடே வெளியேறினார்.

வரிசையில் அவன் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஓர் அதிகாரி அம்மா. அட்டையை இயந்திரத்தில் வைத்தார். திரையைப் பார்த்தார்.

"உங்க பேர்ல தடை இருக்கே."

"அட்டையும் இருக்கு மேடம்." அட்டைப் படத்துக்கு ஒத்தாற்போல் மோவாயை நிமிர்த்திக் காட்டினான். மூன்று இடத்தில் ரத்தம் கசிந்தது.

"அது சரி. ஊருக்கு எதுக்குப் போனீங்க?"

"அப்பா இறந்துட்டார் மேடம்."

"எப்போ?"

"முப்பத்தெட்டு நாளாச்சு."

"சான்றிதழ்?"

"பையில இருக்கு. பை சட்னியோட சாமான்ல போயிடுச்சு. என் மனைவிக்குப் பிரசவம் மேடம், தயவுசெய்து..."

அந்த அம்மா முதல்முறையாகத் தலைதூக்கி அவன் கன்னத்தை வெகுநேரம் பார்த்தார். அட்டையைத் திருப்பித் தரவில்லை. தொலைபேசியைக் கையில் எடுத்தார்.

"பதினோரு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்து உங்க ஊர்க்காரங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். அப்பா செத்து முப்பத்தெட்டே நாள்தான் ஆச்சுன்னா, தாடி எங்கே?"