ரிமார்க்ஸ் கட்டத்தை நிரப்பியவர்

பெங்களூரில் வாடகை வண்டி ஓட்டியவர்களில், தன் வண்டியின் குறையைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டவர் ஒருவர்தான். அவர் எங்கள் 'ரிமார்க்ஸ்' அண்ணன். உண்மைப் பெயர் சம்பள நாளில் மட்டும் தேவைப்பட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒக்கலிபுரத்தில் ஒரு டிராவல்ஸில் நான் புக்கிங் கிளார்க். டிரிப் ஷீட்டின் அடியில் 'ரிமார்க்ஸ்' என்றொரு கட்டம் உண்டு. மற்ற டிரைவர்கள் அதைக் காலியாக விட்டு வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குவார்கள். ஸ்ரீராம்புரத்துக்காரரான இவரோ, பூஜைக்கு உட்கார்ந்தவர்போல் உட்கார்ந்து நிரப்புவார்.

"ஏ.சி.க்குத் தனிக் காசு வாங்கினோம். மைசூர் வரை சத்தம் மட்டும் வந்தது."

"வண்டிக் கூரைமேல் கேரியர் கேட்டார்கள், கொடுத்தோம். கயிறு இல்லை. பெட்டிகள் மடியில் வந்தன."

"மத்தூரில் டிரைவர் வடை தின்றதில் இருபது நிமிடம் தாமதம்." அந்த டிரைவரும் அவரேதான்.

முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். "யோவ், நம்ம சோத்துல நாமே மண்ணப் போட்டுக்கறதா?"

"காசு வாங்கினத எழுதறோம்ல சார்? குடுக்காதத சும்னே முழுங்கிடறதா?" முகத்தில் சிரிப்பே இருக்காது.

ஒருநாள், இருதய ஆபரேஷன் முடிந்த கணவரைச் சேலத்துக்கு அழைத்துப்போக ஓர் அம்மாள் பெரிய ஏ.சி. வண்டி கேட்டிருந்தார். கணவர் கால் நீட்டிப் படுக்க வேண்டும். அந்த வண்டியோ காலையிலேயே ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டது. "சின்ன வண்டிதான் இருக்குன்னு போன் பண்ணிச் சொல்லிடு" என்றார் முதலாளி. திட்டு விழுமே என்று பயந்து நான் அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. அந்த அம்மாளே போன் செய்தபோதும், "அதே வண்டிதான் மேடம், கிளம்பிடுச்சு" என்று புளுகினேன்.

சின்ன வண்டியோடு போனவர் ரிமார்க்ஸ். ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் அவர் கதவைத் திறக்கவில்லை. "போன்ல அதே வண்டின்னாங்களே!" என்று அந்த அம்மாள் அழுதிருக்கிறார். இவர் டிரிப் ஷீட்டில் எழுதி நீட்டினார்: "கேட்டது இந்த வண்டி இல்லை. ஏற வேண்டாம்." பிறகு பூத்திலிருந்து போட்டிக் கம்பெனிக்கே போன் செய்து பெரிய வண்டியை வரவழைத்து, நோயாளியைத் தன் கையால் படுக்கவைத்து அனுப்பினார்.

முதலாளி கொதித்தார். "போட்டிக்காரனுக்குச் சவாரி புடிச்சுத் தரவா உனக்குச் சம்பளம்? வண்டி மாறினத அந்தம்மாகிட்ட சொல்லச் சொன்னேனே, ஏன் யாரும் சொல்லல?"

ஊரில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

ரிமார்க்ஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. "போன் லைன் கெடைக்கலன்னு கிளார்க் தம்பி எங்கிட்ட சொல்லி அனுப்பிச்சுது சார். நான்தான் மறந்துட்டேன்."

வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வேலையை விட்டே போனார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "இல்லை சார்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் அவரை நினைத்தால் முதலில் வெட்கம்தான் வருகிறது. அப்புறம், ஓடிப்போய் ஒருமுறை "அண்ணா" என்று கூப்பிட வேண்டும்போல் இருக்கிறது.