பதினேழாம் எண் பேருந்தும் உன் கசகசாவும்

சேசு மரி சூசை துணை

ஹோ சி மின் நகரம்,
17 ஜூலை 2022, ஞாயிறு, மாலை 4.10.

அன்புத் தங்கை மாரி-ரோஸுக்கு அண்ணன் இக்னாஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் மகள் பொலேத்தும் இங்கே சுகம். உன் அண்ணி, தன் அக்காவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்று வுங் டாவ் போய் மூன்று வாரம் ஆகிறது. அவளும் சுகம், அக்காவின் கண்ணும் சுகம். எனக்குத்தான் பத்து நாள் இருமல் இருந்தது. போன ஞாயிறு அது பொலேத்துக்கும் ஒட்டிக்கொண்டது. சந்து முனை மருந்துக்கடையில் எனக்கு வாங்கிய மாத்திரையில் அவளுக்கும் இரண்டு கொடுத்தேன், இருவருக்கும் அடங்கியது. நீயும் மாப்பிள்ளை லூசியேனும் சுகமா என்பதற்கு, இந்தக் கடிதத்தை முழுதும் படித்த பிறகு பதில் எழுது.

பக்கீர் மைதீன் ஊரிலிருந்து திரும்பி, உன் பார்சலைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். முறுக்கு உடையாமல் வந்தது. கால் கிலோ கசகசாவும் வந்தது. “குருமாவுக்கு அரைச்சு ஊத்து, பிள்ளை வண்டி ஓட்டி இளைச்சுப் போயிருப்பா” என்று நீ எழுதிய சீட்டும் இருந்தது. அந்தக் கசகசாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. பெருமையாகத்தான் எழுதுகிறேன்.

நீ பொலேத்தைக் கடைசியாகப் பார்த்தபோது பள்ளிச் சீருடையில் இருந்தாள். இப்போது நாற்பத்தைந்து இருக்கைப் பேருந்து ஓட்டுகிறாள். எண் பதினேழு. காலை 5.15-க்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு பின் யுவோங்கில் தொழிற்சாலை வாசலில் 6.35-க்கு இறக்குகிறாள். அவள் கம்பெனியில் அறுபத்தொரு ஓட்டுநர்கள், பெண்கள் இரண்டே பேர். காலை 4.40-க்கு வாசலில் ஒரு கருவியில் ஊத வேண்டும். மூச்சில் மதுவின் அளவு சுழியம் என்று காட்டினால்தான் சாவி. நான் முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் வண்டி வந்த நேரம், போன நேரம் குறித்தவன் அல்லவா? கை சும்மா இருக்காது. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, ஊதிய ஒவ்வொரு நாளும் நாட்காட்டியில் ஒரு சுழியம் போட்டு வருகிறேன். ஒன்பதாம் தேதி சனிக்கிழமை வரை இரண்டாயிரத்து அறுநூற்று நான்கு. ஒன்றுகூடப் பிசகியதில்லை. துரியன் பழம் தின்றாலே கருவி சந்தேகப்படும் என்று யாரோ சொன்னதிலிருந்து பழக்கடைப் பக்கமே அவள் போவதில்லை. அவள் மாமன் மகன் கல்யாணத்தில் எல்லாரும் “மோட், ஹாய், பா, யோ!” என்று மூன்று வரை எண்ணிக் கத்திக்கொண்டு பீரைத் தூக்கியபோது, இவள் தூக்கியது ஐஸ் போட்ட தேநீர். பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று நான் காதைக் கடித்தேன். “நாளைக்குக் காலையில பெண் வீட்டாரா எனக்காக ஊதப் போறாங்க, பப்பா?” என்றாள்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு இந்த வருடத்தின் பாதுகாப்பான ஓட்டுநர் என்று ஜூலை பதினாறாம் தேதி பதக்கம் என்று அறிவித்துவிட்டார்கள். அந்த மகிழ்ச்சியில், பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நானே கோழிக் குருமா வைத்தேன். சமைக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவேன், ஆவி பிடித்துக்கொள்ளும். உன் கசகசாவைப் பொலேத் கண்ணாடிப் புட்டியில் கொட்டி அலமாரியில் வைத்திருந்தாள் போல. கை நிறைய அள்ளி, தேங்காயோடு அரைத்து ஊற்றினேன். ரொட்டியைத் தொட்டுத் தொட்டு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

திங்கள் காலை 6.02-க்குக் குழந்தை வீட்டுக்கு வந்து நிற்கிறாள். அந்த நேரத்தில் அவள் நெடுஞ்சாலையில் இருக்க வேண்டியவள். முகத்தைப் பார்த்ததும் என் கையிலிருந்த காபி மேசையில் கொட்டியது. என்ன ஆச்சு என்றால், ஊதினாளாம், சுழியம்தானாம், ஆனால் அன்று எல்லாருக்கும் முன்னறிவிப்பில்லாமல் சிறுநீர்ச் சோதனையும் வைத்திருக்கிறார்கள், போதை மருந்து இருக்கிறதா என்று பார்க்க. ஒரு பட்டையை நனைத்தால் ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு கோடு விழ வேண்டும். இவளுக்கு மார்பின் என்ற இடத்தில் ஒரே கோடு. “ஒண்ணு குறைஞ்சா நல்லதுதானேம்மா?” என்று கேட்டேன். “இல்ல பப்பா, ஒண்ணு குறைஞ்சா இருக்குதுன்னு அர்த்தம்” என்றாள். மார்பின் என்றால் அபினிச் சரக்கு, மாரி-ரோஸ். நம் வீட்டில்! சாவியை வாங்கிக்கொண்டு, மாதிரியை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்களாம். அங்கேயும் உறுதியானால் வேலை போகும், உரிமம் போகும், அதற்குப் பிறகு இந்த ஊரில் ஒரு கைவண்டியைக்கூட நம்பி அவளிடம் கொடுக்க மாட்டார்கள்.

அவளோ பதறவே இல்லை. “எழுத வேண்டியத ஃபார்ம்ல எழுதிக் குடுத்துட்டேன் பப்பா. வியாழக்கிழமை ரிசல்ட். நீங்க சும்மா இருங்க” என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். பெற்றவன் சும்மா இருப்பானா? பக்கீர் மைதீனுக்குப் போன் போட்டேன். சாப்பாட்டில் என்ன என்று கேட்டார், சொன்னேன். “அட அண்ணே, கசகசாவா! துபாய்க்குக் கொண்டுபோனா புடிச்சு உள்ள போட்டுடுவான். அபினிச் செடியோட விதைல்ல அது!” என்றார். “அப்ப நீங்க எப்படிக் கொண்டுவந்தீங்க?” என்றேன். போன் கட்டாகிவிட்டது.

செவ்வாய் விடியலில் எழுந்து, அதே குருமாவை, அதே புட்டியிலிருந்து இரண்டு பங்கு அள்ளிப் போட்டு வைத்து, ஐந்தடுக்குத் தூக்கில் எடுத்துக்கொண்டு, ஒரு வாடகை மோட்டார் சைக்கிள்காரனின் பின்னால் உட்கார்ந்து, 9.10-க்குக் கம்பெனி போய்ச் சேர்ந்தேன். பாதுகாப்பு அதிகாரி ஹான் என்ற பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். அவள் பேசியது வியட்நாமியில். உனக்காகத் தமிழில் எழுதுகிறேன். “பாக், உக்காருங்க, என்ன விஷயம்?” என்றாள். பாக் என்றால் பெரியப்பா மாதிரி, மரியாதையான பெண். “குற்றவாளி இந்தத் தூக்கில் இருக்கிறது” என்றேன். ஒரு அடி பின்னால் போனாள். மூடியைத் திறந்து காட்டி, “இதை உங்கள் கண்ணெதிரில் சாப்பிடுகிறேன், பிறகு என்னைச் சோதியுங்கள்” என்றேன். “பாக், நீங்க எங்க டிரைவர் இல்லையே.” “டிரைவரைப் பெற்றவன்.” “சரி, உங்க இஷ்டம்” என்று அவளே ரொட்டி வாங்கிவரச் சொன்னாள்.

சாப்பிட்டேன். இருமல் வந்தது, அவள் முன்னாலேயே மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தேன், ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது என்று தெரியட்டும் என்று. பிறகு பெஞ்சில் உட்கார்ந்தேன். வாசனைக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். அலுவலகத்துப் பெண்கள் மூன்று பேர், காவலாளி, எல்லாரும் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டார்கள். ஓட்டுநர்கள் தொடக்கூடாது என்று கையை விரித்து மறித்தேன். பன்னிரண்டாம் எண் பேருந்துக்காரன், “எனக்கு இன்னிக்கு லீவு பாக்” என்று சொல்லி இரண்டு தட்டு தீர்த்தான். 1.05-க்கு என்னைச் சோதித்தார்கள். ஒரே கோடு! “பார்த்தீர்களா!” என்று எழுந்து நின்றேன். வாழ்நாளில் ஒரு பரிசோதனையில் தோற்று இத்தனை பெருமைப்பட்டது அன்றுதான். பன்னிரண்டாம் எண்காரன் தானும் பார்க்கிறேன் என்று பார்த்தான், அவனுக்கு இரண்டு கோடு விழுந்தது. பெரிய உடம்பு, அதற்குள் இரண்டு தட்டு எம்மாத்திரம் என்று விளக்கினேன். ஹான் உதட்டைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பொருள் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை, நானே சொன்னேன். அனுப்பியவர் மாரி-ரோஸ், காரைக்கால், உன் தெரு, கதவு எண், மாப்பிள்ளை லூசியேனின் முழுப்பெயர், உங்கள் போன் நம்பர், எல்லாம் என் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பயப்படாதே. தெரியாமல் செய்தாள் என்றும் சேர்த்திருக்கிறேன்.

வியாழன் மாலை 3.20-க்குப் போன் வந்தது. பொலேத்தின் மேல் தவறில்லை, வெள்ளிக்கிழமை சாவியை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். சனிக்கிழமை விழாவில் முதல் வரிசையில் எனக்கு நாற்காலி. பதக்கம் குத்துவதற்கு முன்னால் எல்லார் எதிரிலும் ஒரு முறை ஊதச் சொன்னார்கள், வேடிக்கைக்கு. சுழியம். கைதட்டல் அடங்கவில்லை. அது வேடிக்கை, அன்று காலை ஊதியதுதான் நாட்காட்டியில் ஏறும். எனக்கு நெஞ்சு நிமிர்ந்து சட்டைப் பொத்தான் ஒன்று இழுத்துக்கொண்டு நின்றது. அவள் கட்டுப்பாட்டால் வாங்கிய பதக்கத்தை நான் குருமாவால் காப்பாற்றினேன் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார். அவர் தொழிற்சாலையிலிருந்து வந்த விருந்தாளி, விவரம் தெரியாது.

ஆகவே இனிமேல் கசகசா அனுப்பாதே. முறுக்கு அனுப்பு. மாதா உங்கள் வீட்டு வாசலைக் காக்கட்டும், லூசியேனின் முழங்கால் வலி குறையட்டும், உன் மருமகள் பொலேத் உங்கள் இருவர் காலையும் தொட்டுக் கும்பிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பதினேழாம் எண் பேருந்து ஓட்டுநரின் தகப்பன்,
இக்னாஸ்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குப் பசை தேடி அலமாரியைத் துழாவினேன். அரிசி டப்பாவுக்குப் பின்னால் உன் கசகசாப் பொட்டலம் இருக்கிறது, நீ அடித்த ஸ்டேப்ளர் பின்கூடப் பிரியாமல். கண்ணாடியை மாட்டிக்கொண்டு புட்டியைப் பார்த்தேன். அது எள். சோற்றுக்குப் பொடி இடிக்க உன் அண்ணி வாங்கி வைத்த வெள்ளை எள். இரண்டு குருமாவும் எள் குருமா.

பொலேத்தைக் கூப்பிட்டேன். கடிதத்தை முழுதும் படித்தாள், இரண்டு இடத்தில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு என் இருமல் மாத்திரை அட்டையைத் திருப்பிக் காட்டினாள். கோடீன் என்று போட்டிருக்கிறது. உடம்புக்குள் போனால் அது மார்பினாக மாறுமாம். “திங்கக்கிழமை ஃபார்ம்ல, ஒரு வாரத்துல சாப்பிட்ட மருந்து என்னன்னு கேட்டிருந்தாங்க பப்பா. மாத்திரை பேரு, எத்தனை, எத்தனை மணிக்கு, யாரு குடுத்தா, எல்லாம் எழுதி அட்டையையும் ஒட்டிக் குடுத்தேன். டாக்டர் அதப் பாத்துதான் விட்டாரு. அடுத்த தடவ மாத்திரை போட்டா ஊதுறதுக்கு முன்னாடியே சொல்லணும்னு திட்டினாரு.” “அப்ப ஹானுக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியுமா?” “தெரியும்.” “பின்னே ஏன் என்னை நாலு மணி நேரம் உட்கார வச்சா?” “குருமா நல்லா இருந்துச்சாம். அடுத்த மாசமும் வரச் சொன்னாங்க.”

உன் பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்த தாளை நாளைக் காலையில் போய்க் கேட்டு வாங்கிவிடுகிறேன். அதற்குள் யாராவது போன் செய்தால் எடுக்க வேண்டாம் என்று லூசியேனிடம் சொல்.

யார் கொடுத்தார் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறாளே, தகப்பன் என்று பார்க்காமல்! இப்படி ஒரு நேர்மையை நான் எந்தப் பேருந்து நிலையத்திலும் குறித்ததில்லை. நாட்காட்டியில் சுழியம் இப்போது இரண்டாயிரத்து அறுநூற்று ஏழு. செவ்வாய், புதன், வியாழன் மூன்று கட்டமும் காலி. அவளைக் கேட்காமலே அவற்றில் இக்னாஸ், இக்னாஸ், இக்னாஸ் என்று எழுதிவிட்டேன். விட்டுப்போன மூன்று நாளும் என்னுடையவை, அவளுடையவை அல்ல.